‘மெர்லின்’ முதல் அத்தியாயத்தின் மந்திரக் காட்சிகளை வீட்டிலேயே படமாக்குவது எப்படி?

பிபிசி ஒன் தொலைக்காட்சியில் 2008 செப்டம்பர் 20 அன்று ‘மெர்லின்’ தொடரின் முதல் அத்தியாயமான ‘தி டிராகன்ஸ் கால்’ ஒளிபரப்பானது. மன்னன் ஊதர் ஆளும் கேமலாட்டுக்கு வந்து சேரும் மந்திரசக்தி கொண்ட இளைஞன் மெர்லின், அரண்மனை வைத்தியர் கையஸின் அறைக்குள் நுழைகிறான். திரும்பிப் பார்க்கும் கையஸ் மேல்தளத்துக் கைப்பிடியில் சாய, அது முறிந்து அவர் விழுகிறார். மெர்லின் நிமிர்ந்து பார்க்கிறான், காலம் மெதுவாகிறது. அவன் கண்கள் பொன்னிறமாகின்றன, ஒரு கட்டில் தரையில் இழுபட்டு வந்து கையஸுக்கு அடியில் நிற்கிறது. மொத்தமும் சில நொடிகள்தான். ஐந்து சீசன், மொத்தம் 65 அத்தியாயம் ஓடிய தொடரின் மந்திர இலக்கணம் முழுவதும் இந்தச் சில நொடிகளிலேயே அமைந்துவிட்டது.

அந்த இலக்கணத்தைப் புரிந்துகொள்ளாமல் மென்பொருளைத் திறந்தால் வேலை வீண். மன்னன் ஊதர் மந்திரத்துக்குத் தடை விதித்து இருபது ஆண்டுகளாகின்றன. மந்திரம் செய்தவனின் தலை வெட்டப்படுவதை ஊருக்குள் வந்ததுமே மெர்லின் பார்க்கிறான். எனவே அவன் செய்யும் மந்திரம் கூட இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது, பார்வையாளருக்கு மட்டும் தெரியவேண்டும். கையிலிருந்து ஒளிக்கதிர் பாய்ந்தால் அரங்கமே பார்த்துவிடும். கருவிழியின் நிறம் மாறினால் மிக அருகில் இருக்கும் கேமரா மட்டும்தான் பார்க்கும். பொன்னிறக் கண் என்ற உத்தி கதையின் தேவையிலிருந்து பிறந்தது. நீங்கள் எடுக்கப்போகும் குறும்படத்திலும் ஒவ்வொரு முடிவையும் இதை வைத்தே எடுங்கள். பக்கத்தில் நிற்பவர் கவனித்துவிடுவார் என்று தோன்றினால் விளைவைக் குறையுங்கள்.

கீழே சொல்வதற்கெல்லாம் நொடிக்கு 120 ஃபிரேம் (தனித்தனிப் படம்) பதிவுசெய்யும் கைப்பேசி அல்லது கேமரா, அசையாத டிரைபாட், இரண்டு எல்இடி லைட், டாவின்சி ரிசால்வ் என்ற காணொளி எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு, அது தடுமாறாமல் ஓட 16 ஜிபி ராம் உள்ள கணினி ஆகியவை போதும். கடையில் வாங்கவேண்டியவை: தலையணைக்குள் அடைக்கும் ரெக்ரான் பஞ்சு, தெர்மோகோல், தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பு, முல்தானி மெட்டி, கறுப்புத் துணி.

மூன்று ஷாட், ஒரே வரிசை

மந்திரம் நம்பும்படி இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் எடிட்டில் ஷாட்டுகளை வெட்டிச் சேர்க்கும் வரிசையில் முடிவாகிறது. முதலில் பார்வை, அடுத்து கண்ணின் நிறம், அதன் பிறகு பொருளின் அசைவு. கண் பொன்னாகும் அதே ஃபிரேமில் கட்டில் நகர்ந்தால் இரண்டும் தற்செயலாக நடந்தவைபோல் தெரியும். கண் முழு நிறத்தை எட்டி மூன்று நான்கு ஃபிரேம் கழித்துக் கட்டிலுக்கு வெட்டுங்கள். கட்டில் நகர்ந்து நின்றதும் மறுபடி முகத்துக்கு வாருங்கள், பொன்னிறம் வடியும் கடைசிப் பகுதி அங்கே இருக்கட்டும். காரணம், விளைவு, மறைப்பு என்ற மூன்றும் அப்போதுதான் முழுமையாகும்.

நடிப்பிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். புருவத்தை உயர்த்துவது, பல்லைக் கடிப்பது, கையை நீட்டுவது எதுவும் வேண்டாம். நடிகர் ஒருமுறை கண்ணிமைத்து, இலக்கை நோக்கி, இரண்டு நொடி இமைக்காமல் இருந்தால் போதும். இந்த இடத்தில் மெர்லின் மந்திரச் சொல் எதையும் உச்சரிப்பதில்லை. கற்காமலே அவனுக்கு இது கைவந்திருப்பதுதான் கையஸைத் திகைக்க வைக்கிறது. ஆகவே வாய் அசையவே கூடாது.

பொன்னிறக் கண்: படமெடுக்கும்போதே பாதி வேலை

பெரியவர்களின் கருவிழி ஏறத்தாழ 12 மி.மீ. அகலம். இந்த ஓர் எண்ணை வைத்தே ஷாட்டின் நெருக்கத்தைத் தீர்மானிக்கலாம். ஃபிரேமின் அகலத்தில் 40 செ.மீ. பரப்பு அடங்கும்படி எடுத்தால், 1920 பிக்சல் அகலப் படத்தில் கருவிழிக்குச் சுமார் 58 பிக்சல் கிடைக்கும். 4கே எனப்படும் 3840 அகலத்தில் சுமார் 115. இடுப்புவரை தெரியும் ஷாட்டில் 120 செ.மீ. அடங்குகிறது என்றால் 1920-இல் வெறும் 19 பிக்சல்தான் மிஞ்சும். அதில் பாவையையும் (கருவிழியின் நடுவிலுள்ள கறுப்புப் புள்ளி) கருவிழியையும் பிரித்துப் பிடிக்கவே முடியாது. ஏறத்தாழ 60 பிக்சலுக்குக் கீழே போகாதீர்கள். முடிந்தால் 4கே-யில் எடுத்துவிடுங்கள்.

கைப்பேசியின் முதன்மை லென்ஸை வைத்து 40 செ.மீ. பரப்பைப் பிடிக்க முகத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குப் போகவேண்டியிருக்கும். மூக்கு பெரிதாகி முகம் கோணும், கைப்பேசியின் நிழலும் விழும். இரண்டு மடங்கு லென்ஸ் என்றால் சுமார் 60 செ.மீ., மூன்று மடங்கு லென்ஸ் என்றால் சுமார் 85 செ.மீ. தள்ளி நிற்கலாம். மூன்று மடங்கே நல்லது.

அடுத்தது கண்ணின் இயல்பான நிறம். மெர்லினாக நடித்த கோலின் மோர்கனுக்கு நீலக் கண்கள். வெளிர் கண்ணில் ஏற்கெனவே வெளிச்சம் இருக்கிறது, நிறத்தை மாற்றினாலே பொன் ஏறிவிடும். அடர்பழுப்புக் கண் அப்படியில்லை. ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், கேமராவில் கருவிழியும் பாவையும் ஒரே கறுப்பு வட்டமாகப் பதியும். ஆங்கிலத்தில் வரும் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துச் செய்யும்போது பழுப்புக் கண்ணில் எதுவுமே மாறாமல் போவதற்குக் காரணம் இதுதான். கறுப்பின்மேல் எந்த நிறத்தைப் பூசினாலும் கறுப்பாகவே இருக்கும். எனவே படமெடுக்கும்போதே கருவிழிக்குள் ஒளியைச் செலுத்தவேண்டும்.

அதற்கு லைட்டை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். கேமராவின் பார்வைக் கோட்டிலிருந்து 60 முதல் 70 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ வையுங்கள். ஒளி கண்ணுக்குள் ஒரு பக்கமாக நுழைந்து, கருவிழியின் எதிர்ப்பக்கத்தை ஒளிரச் செய்யும். பழுப்பு நார்கள் தேன் நிறத்தில் எழுந்து வரும். பிரகாசமான ஒளியில் பாவை சுருங்குவதால் நிறமேற்றக் கருவிழியின் பரப்பும் கூடுதலாகக் கிடைக்கும். ரிங் லைட் வேண்டவே வேண்டாம். அதன் வட்டப் பிரதிபலிப்பு பாவையின் நடுவில் உட்கார்ந்து நிறமேற்ற இடமில்லாமல் செய்துவிடும், இடைக்காலக் கோட்டைக்குள் அப்படியொரு வெளிச்சத்துக்கு வழியும் இல்லை. சதுரமான சாஃப்ட்பாக்ஸ் அல்லது நிஜமான ஜன்னல் கொடுக்கும் சிறு சதுர மினுக்கம்தான் சரி.

பொன்னிறக் காண்டாக்ட் லென்ஸ் வாங்கலாமே என்று தோன்றும். கண் மருத்துவரின் அளவீடு இல்லாமல் அலங்கார லென்ஸ் அணிவது கண்ணில் கிருமித்தொற்றுக்கு வழிவகுக்கும். தவிர, அதில் நிறம் எழுந்து வடியாது, முழுக் காட்சியிலும் அப்படியே இருக்கும். இந்தக் காட்சிக்குப் பயனில்லை.

பொன்னிறக் கண்: மென்பொருளில்

ரிசால்வில் வண்ணத்தைத் திருத்தும் பக்கமான கலர் பேஜில் ஷாட்டைத் திறந்து, முதல் நோடில் (ஒவ்வொரு திருத்தத்தையும் தனியாக வைக்கும் கட்டம்) பொதுவான வண்ணச் சீரமைப்பை முடித்துவிடுங்கள். கண்ணுக்கான வேலை அதற்குப் பிறகான நோடுகளில். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி நோட். இரண்டு கண்களும் எப்போதும் ஒரே அளவில் நகர்வதில்லை, பக்கவாட்டில் பார்க்கும்போது இது தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது நோடில் திருத்தம் எந்தப் பகுதியில் விழவேண்டும் என்று வரையறுக்கும் வட்ட வடிவப் பவர் விண்டோ ஒன்றைக் கருவிழியின் ஓரத்துக்குச் சற்று உள்ளேயே நிறுத்துங்கள். ஓரத்திலுள்ள கரும் வளையம் வெளியே தப்பி நிற்கவேண்டும், அதுதான் கண்ணுக்கு உருண்டையான தோற்றத்தைத் தருகிறது. பாவைக்கு இன்னொரு சிறு வட்டம் வரைந்து அதைக் கழிக்கும் முறையில் வையுங்கள். மேலிமை கருவிழியின் தலைப்பகுதியைச் சற்று மூடியிருக்கும். இமையின் விளிம்பை ஒட்டி வளைகோட்டு விண்டோ ஒன்று வரைந்து அதையும் கழியுங்கள். இதை விட்டுவிட்டால் இமைத்தோலிலும் பொன் பூசினாற்போல் ஆகிவிடும்.

இப்போது நிறம். முதலில் காமாவை (நடுத்தர வெளிச்சத்தின் அளவை) உயர்த்திக் கருவிழியின் வெளிச்சத்தை மேலே கொண்டுவாருங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் ஸ்கோப்பின் 0–1023 அளவில் கருவிழிப் பகுதி 400க்கும் 500க்கும் இடையில் வந்தால் போதும். அதன் பிறகுதான் சிவப்பையும் பச்சையையும் ஏற்றி நீலத்தை இறக்கவேண்டும். இலக்கு நிறம் சிவப்பு 255, பச்சை 190, நீலம் 60 என்ற கலவைக்கு அருகில் இருக்கட்டும். பச்சை இதைவிடக் கூடினால் பூனைக் கண், குறைந்தால் அரக்கன் கண். இந்தத் தொடரின் மந்திரம் இரண்டிலும் சேராதது.

விண்டோவைக் கண்ணோடு சேர்ந்து நகரவைக்கும் டிராக்கிங்கில்தான் நேரம் போகும். டிராக்கரில் இடவல, மேல்கீழ் நகர்வுகளை மட்டும் வைத்து, சுழற்சியையும் முப்பரிமாணத்தையும் அணைத்துவிடுங்கள். இங்கே எல்லோரும் இடறும் ஓர் இடம் உண்டு. கண்ணிலுள்ள ஒளி மினுக்கம் லைட்டின் பிரதிபலிப்பு. கண் திரும்பும்போது கருவிழி நகரும் அளவுக்கு மினுக்கம் நகராது. டிராக்கருக்கோ படத்திலேயே தெளிவான புள்ளி அந்த மினுக்கம்தான். அதைப் பற்றிக்கொண்டு கருவிழியை விட்டுவிடும். கண் நிலையாக இருக்கும் ஷாட் என்றால் கவலையில்லை. பார்வை நகரும் ஷாட் என்றால் டிராக்கரை ஃபிரேம் முறைக்கு மாற்றி, மூன்று நான்கு ஃபிரேமுக்கு ஒருமுறை கையாலேயே விண்டோவை நகர்த்துங்கள். முப்பது ஃபிரேம் வேலைக்கு இது பத்து நிமிடம். தானியங்கி டிராக்கோடு மல்லுக்கட்டுவதைவிடக் குறைவு.

இந்தப் பொன்னிறம் எழுவதும் வடிவதும் கீ பகுதியிலுள்ள அவுட்புட் கெயினை (அந்த நோடின் விளைவு எவ்வளவு தெரியவேண்டும் என்ற அளவு) கீஃபிரேம் செய்வதால், அதாவது நேரத்துக்கேற்ப மாறும்படி குறிப்பதால் வரும். நொடிக்கு 25 ஃபிரேம் டைம்லைனில், 6 ஃபிரேமில் எழுந்து, 12 முதல் 15 ஃபிரேம் நின்று, 10 ஃபிரேமில் வடிவது நல்ல அளவு. மொத்தம் ஒன்றேகால் நொடிக்குள் முடிந்துவிடும். இரண்டு நொடி நின்றால் பார்ப்பவர் மந்திரத்தை விட்டுவிட்டு எஃபெக்ட்டைக் கவனிக்கத் தொடங்குவார். இன்னும் மெருகு வேண்டுமென்றால், முதல் ஃபிரேமில் விண்டோவைப் பாவையின் விளிம்பளவுக்குச் சுருக்கி, ஆறாவது ஃபிரேமில் முழு அளவுக்கு விரியுங்கள். நிறம் உள்ளேயிருந்து ஊறி வெளியே பரவும். ஒரே சீராக மங்கி வருவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிய திரையில் பார்த்தால் விடமாட்டீர்கள்.

ஒளிர்வுக்கு, கண் நோடின் நகலை, நோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கும் லேயர் மிக்சரில் இணைத்து, நகலை மட்டும் மங்கலாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் கலக்கும் ஸ்கிரீன் முறையில் மேலே போடுங்கள். மங்கல் கருவிழி அகலத்தின் பாதியைத் தாண்டக்கூடாது. கன்னத்திலும் மூக்கிலும் பொன்னொளி விழவைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கண் விளக்காகிவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாமல் போக வழியில்லை, கதையே கெட்டுவிடும்.

தவறுகளை இப்படி அடையாளம் காணலாம். வெள்ளை விழியில் நிறம் கசிந்தால் மந்திரவாதிக்கு மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருக்கும். விண்டோவின் விளிம்பு மென்மையைக் குறையுங்கள். மினுக்கமும் பொன்னாகிவிட்டால் கண் பிளாஸ்டிக் பொத்தானாகிவிடும். நிறம், வெளிச்சம் ஆகியவற்றை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் குவாலிஃபையரில் வெளிச்ச வரம்பின் மேல்பகுதியை நீக்கி மினுக்கத்தை வெள்ளையாகவே விடுங்கள். நிழலில் இருக்கும் கண்ணும் வெளிச்சத்தில் இருக்கும் கண்ணும் ஒரே அளவில் ஒளிர்ந்தால் ஒட்டிவைத்த படமாகத் தெரியும். நிழல் பக்கக் கண்ணுக்கு 60 விழுக்காடு கொடுங்கள்.

காலத்தை மெதுவாக்குதல்

மனிதர் ஒருவர் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.78 நொடி ஆகும். சாதாரண வேகத்தில் எடுத்தால் அது 20 ஃபிரேம்கூட இல்லை. ஒரு முடிவெடுக்க, கட்டிலைத் தேட, நகர்த்த நேரமில்லை. நொடிக்கு 120 ஃபிரேமில் பதிந்து 25-இல் ஓடவிட்டால் அதே வீழ்ச்சி 94 ஃபிரேமாகி, திரையில் மூன்றே முக்கால் நொடி நீளும். அந்த நீளத்துக்குள் முகம், கட்டில், முகம் என்று மூன்று வெட்டு தாராளமாக அடங்கும்.

யாரையும் உண்மையில் விழவைக்காதீர்கள். நடிகரை உறுதியான மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, கைகால்களைச் சற்றே தூக்கச் சொல்லுங்கள். கேமரா நேர்மேலே. மேசையைக் கறுப்புத் துணியால் மூடி, அங்கியின் ஓரங்களை இரண்டு மூன்று தங்கூசி நரம்பால் மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். காலடியிலிருந்து மேசை விசிறி ஒன்று வீசட்டும். எடிட்டில் ஷாட்டின் நீளம் முழுவதும் படத்தை 10 முதல் 15 விழுக்காடு மெல்லச் சிறிதாக்கினால் உடல் கேமராவைவிட்டு விலகி விழுவதாகக் கண் நம்பிவிடும். மெல்லிய பாலியஸ்டர் அங்கி படபடக்கும். கனமான பருத்திப் போர்வைத் துணியில் தைத்த அங்கிதான் மெதுவேகத்தில் அலையலையாக எழும்பும்.

உடைந்து விழும் கைப்பிடித் துண்டுகளைத் தெர்மோகோலில் செய்து மரநிறம் பூசலாம், ஆனால் வெறும் தெர்மோகோல் காற்றில் மிதந்து தள்ளாடும். மெதுவேகத்தில் இந்தப் பொய் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு மரக்குச்சியைச் செருகி எடை கூட்டுங்கள். ஆள் இருக்கும் ஷாட்டில் இந்தத் துண்டுகள் வேண்டாம், தனியாக எடுத்து மேலே சேர்த்துக்கொள்ளலாம்.

மெதுவேகப் படப்பிடிப்பைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று வெளிச்சக் குறைவு. 25 ஃபிரேமுக்கு ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி என்றால் 120 ஃபிரேமுக்கு 1/240. ஏறத்தாழ ஐந்து மடங்கு வெளிச்சம் வேண்டும். இன்னொன்று மினுமினுப்பு. நம் வீடுகளிலும் பிரிட்டனிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. அதை 120 ஃபிரேமில் பிடித்து 25-இல் ஓடவிட்டால் படம் நொடிக்கு நான்கு முறை இருண்டு வெளுக்கும். எடுக்கும்போது கைப்பேசித் திரையில் இது தெரியாமல் போகலாம், எடிட்டில் உட்காரும்போது தலைவலியாகும். ஆகையால் மெதுவேக ஷாட்டுகளைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரத்தில் எடுங்கள். லைட் போட்டே ஆகவேண்டுமென்றால் பேட்டரியில் ஓடும், மினுக்காத எல்இடி பேனலைப் பயன்படுத்தி, முன்கூட்டியே பத்து நொடி சோதனை எடுத்துப் பாருங்கள். வெளிச்ச அளவைக் குறைத்தால் சில பேனல்கள் மினுக்கத் தொடங்கும், எனவே முழு அளவில் வைத்துத் தூரத்தைக் கூட்டுங்கள்.

கட்டில் மந்திரத்தில் நகர்வது, மந்திரமில்லாத கயிற்றால்தான். நான்கு கால்களின் அடியிலும் பழைய கம்பளத் துண்டைக் கட்டுங்கள். முன்கால்கள் இரண்டிலும் கயிறு கட்டி, இரண்டையும் நடுவில் ஒரே முடிச்சாகச் சேர்த்து அங்கிருந்து இழுக்கவேண்டும். ஒற்றைக் காலில் கட்டி இழுத்தால் கட்டில் வட்டமடிக்கும். கயிறு தரையோடு ஒட்டிப் போகட்டும், தரையில் வைக்கோலோ பழந்துணியோ பரப்பினால் மறைந்துவிடும். இரண்டு மீட்டரை அரை நொடியில் இழுங்கள். நிற்கவேண்டிய இடத்தில் ஃபிரேமுக்கு வெளியே மணல்மூட்டை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கட்டில் இலக்கைத் தாண்டி ஓடிவிடும். இந்த ஷாட்டைச் சாதாரண 25 ஃபிரேமில் எடுங்கள். உலகம் மெதுவாக இருக்கும்போது கட்டில் மட்டும் இயல்பான வேகத்தில் பாய்வதுதான் இதன் அழகு.

உறக்கமும் சிலந்தி வலையும்

அத்தியாயத்தின் உச்சக் காட்சியில், பாடகி லேடி ஹெலனின் உருவத்தில் வந்த மந்திரக்காரி மேரி காலின்ஸ் விருந்து மண்டபத்தில் பாடுகிறாள். தன் மகனைத் தலைவெட்டிக் கொன்ற ஊதரின் மகன் ஆர்தரைக் கொல்லவே வந்திருக்கிறாள். பாட்டைக் கேட்டவர்கள் உறங்கிச் சரிய, அவர்கள்மேல் சிலந்தி வலை படர்கிறது. காதைப் பொத்திக்கொண்ட மெர்லின் மட்டும் விழித்திருக்கிறான்.

வலைக்கு ரெக்ரான் பஞ்சு. ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கையாலும் பிடித்து, அறுந்துவிடும் என்று பயப்படும் அளவுக்கு இழுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் இழுக்கவில்லை என்று பொருள். பின்னாலுள்ள பொருள் தெளிவாகத் தெரியவேண்டும். நாற்காலியின் முதுகு, கோப்பையின் விளிம்பு, தோள், காது என்று இரண்டு முனைகளுக்கு நடுவில் தொங்கவிடுங்கள். தட்டையான மேசைமேல் பரப்பினால் பஞ்சாகத்தான் தெரியும். மேலே முல்தானி மெட்டியைச் சல்லடையில் தூவினால் பளபளப்பு அடங்கிப் பழமை வரும். மைதாவோ சோளமாவோ தூவாதீர்கள், காற்றில் பரவிய மாவு மெழுகுவர்த்திச் சுடரில் பற்றும். ரெக்ரானும் எரிந்து உருகித் தோலில் ஒட்டக்கூடியது. வலை இருக்கும் ஃபிரேமில் எல்இடி மெழுகுவர்த்திதான், விதிவிலக்கே இல்லை. முல்தானி தூவும்போது முகக்கவசம் அணியுங்கள், நடிகர்கள் கண்மூடி மூச்சடக்கியிருக்கட்டும்.

வலை தெரிவதும் மறைவதும் ஒளியின் திசையைப் பொறுத்தது. முன்னாலிருந்து வரும் ஒளியில் நல்ல வலை காணாமல் போகும். நடிகர்களுக்குப் பின்னால் 30 முதல் 45 டிகிரி உயரத்திலிருந்து கேமராவை நோக்கி ஒரு லைட் வந்தால் ஒவ்வோர் இழையும் எரியும்.

படர்வதைக் காட்ட டிரைபாடை அசைக்காமல் மூன்று நிலைகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கரையவிடுங்கள். வலை முழுமையாக இருக்கும் நிலையை முதலில் எடுத்துவிடவேண்டும். வலை போட இருபது நிமிடம் ஆகும், எடுக்க ஐந்து நிமிடம் போதும். தலைகீழ் வரிசையில் எடுத்தால் நடிகர்கள் அதே நிலையில் உறைந்து கிடக்கவேண்டிய நேரம் வெகுவாகக் குறையும். தலையும் கையும் இருந்த இடத்தை மேசையில் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடவேண்டும், தானியங்கியில் விட்டால் வெள்ளை வலை வந்ததும் கேமரா படத்தை இருட்டாக்கும், கரையும்போது குதிக்கும்.

உறங்கிச் சரிவதை எல்லோரும் ஒரே நொடியில் செய்யக்கூடாது. பாடகிக்கு அருகில் இருப்பவர் முதலில், அடுத்தடுத்தவர் ஒன்றிரண்டு நொடி இடைவெளியில். ஒருவர் கோப்பையைக் கையில் பிடித்தபடியே உறங்கட்டும்.

சரவிளக்கும் கத்தியும்

மெர்லின் சரவிளக்கை விழவைத்து மேரியை வீழ்த்துகிறான். உயிர்போகும் முன் தன் கிழட்டு உருவத்துக்குத் திரும்பிய அவள், ஆர்தரை நோக்கிக் கத்தியை எறிகிறாள். இரண்டுமே ஆளோடு சேர்த்து எடுக்கக்கூடாத ஷாட்டுகள். டிரைபாடை அசைக்காமல் முதலில் வெற்றிடத்தில் விளக்கு விழுவதை எடுங்கள், பிறகு அதே இடத்தில் நடிகை நிமிர்ந்து பார்ப்பதை எடுத்து மாஸ்க் போட்டு (ஒவ்வொரு ஷாட்டிலும் வேண்டிய பகுதியை மட்டும் விட்டு மற்றதை மறைத்து) இணையுங்கள். விளக்கு அவள் தலைக்கு ஒரு முழம் மேலே இருக்கும்போதே வெட்டிவிட்டு, மோதலைத் தரையில் சிதறும் துண்டுகளாலும் ஒலியாலும் காட்டினால் போதும்.

கத்தியை எறியவே வேண்டாம். ஃபோம் கத்தியைத் தங்கூசி நரம்பில் தொங்கவிட்டு, கேமராவை அதை நோக்கி நகர்த்துங்கள். 0.20 மி.மீ. நரம்பு போதும், அதில் மெழுகு தேய்த்தால் மினுங்காது. பின்னணி கறுப்பாக இருந்தால் நரம்பு தெரியும், கரடுமுரடான கற்சுவர் பின்னணியில் தொலைந்துபோகும். கத்தி நாற்காலியில் பாய்ந்து குத்தி நிற்பதைத் தலைகீழாக எடுங்கள்: தெர்மோகோலில் செருகிய கத்தியை நரம்பால் வெடுக்கென்று பிடுங்கி, எடிட்டில் பின்னோக்கி ஓடவிடவேண்டும். பிடுங்கும்போது அருகில் அசையும் துணியோ சுடரோ இருந்தால் அதுவும் பின்னோக்கி ஓடிக் காட்டிக்கொடுக்கும்.

ஒலி

கைப்பேசிகள் ஃபிரேம் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்துப் பதிவதால் நீளமான ஷாட்டில் உதடும் ஒலியும் விலகும். எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். மெதுவேக ஷாட்டின் அசல் ஒலி எதற்கும் உதவாது, தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

காலம் மெதுவாகும் நொடியில் சூழல் ஒலியை 12 டெசிபல் இறக்கி, 800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை வெட்டிவிடுங்கள். நீருக்குள் மூழ்கினாற்போல் இருக்கும். கண் பொன்னாகும்போது 40 முதல் 80 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு தாழ்ந்த அதிர்வு, நிறம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று ஃபிரேம் முன்பே எழட்டும். காது முதலில் உணர்ந்து கண்ணைத் தயார்ப்படுத்தும். கைப்பேசி ஸ்பீக்கரில் 80 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது, அதனால் அதே அதிர்வின் மெல்லிய நகலொன்றை 200 ஹெர்ட்ஸில் சேர்த்துவிடுங்கள். கையஸ் கட்டிலில் விழும் ஃபிரேமில் மூடியிருந்த சூழல் ஒலி முழுவதும் ஒரே வெட்டாகத் திரும்பவேண்டும், மெல்ல ஏறக்கூடாது. பஞ்சு மெத்தையின் பொத்தென்ற சத்தம், கட்டில் சட்டத்தின் கிறீச்சு, ஒரு நொடி கழித்து உருண்டு நிற்கும் மரத்துண்டு என்ற மூன்றும் அந்த இடத்தில் அடுத்தடுத்து வரட்டும்.